விதைப்புக் காலத்துப் பணம்

2024 மே மாதம், பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு மூன்று மாதங்கள்கூட முழுமையாக இல்லாத நிலையில், அமெரிக்க மகளிர் வாட்டர் போலோ அணியின் தலைவி மேகி ஸ்டெஃபன்ஸ் சமூக ஊடகத்தில் ஒரு வேண்டுகோளை வெளியிட்டார். தம் அணியினர் பலர் ஆசிரியர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் சிறுதொழில் நடத்துவோராகவும் இருந்துகொண்டே நாட்டுக்காக ஆடுகிறார்கள். ஒலிம்பிக் வீரர்களுள் பெரும்பாலோருக்கு இரண்டாவது வேலையோ மூன்றாவது வேலையோ இல்லாமல் காலம் தள்ள முடிவதில்லை. ஆகவே எங்கள் ஆட்டத்தைப் பாருங்கள், ஆதரியுங்கள் என்பது அதன் சாரம். இதை எழுதியவரிடம் அப்போது மூன்று ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் இருந்தன.

அந்த வேண்டுகோளைக் கண்டு உதவ முன்வந்தவர் ஃப்ளேவர் ஃப்ளாவ் என்னும் ராப் இசைக் கலைஞர். கழுத்தில் பெரிய கடிகாரம் ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு மேடையேறும் அவர், ஐந்தாண்டுகளுக்கு அணியின் ஆதரவாளராக ஒப்பந்தம் செய்துகொண்டு, பாரிஸ் அரங்கிலும் வந்து அமர்ந்து குரல் கொடுத்தார். செய்தியாகப் படிக்கச் சுவையாகத்தான் இருந்தது. ஆனால் மாத வரவையும் செலவையும் எழுதிப் பார்த்துப் பழகிய நமக்கு வேறொரு கேள்வி எழ வேண்டும். உலகின் செல்வச் செழிப்பு மிக்க நாட்டில், தன் துறையின் உச்சியில் நிற்கும் ஒரு வீராங்கனை ஏன் கையேந்த நேர்ந்தது?

முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். நம்மில் பலர் அதை நேரில் கண்டிருக்க மாட்டோம். இரண்டு மீட்டருக்குக் குறையாத ஆழமுள்ள குளத்தில், அணிக்கு ஏழு பேர் ஆடுகிறார்கள். தரையில் கால் ஊன்ற முடியாது. முட்டை அடிக்கும் கருவியைப்போல் இரு கால்களையும் மாறி மாறிச் சுழற்றியபடியே உடலை நீருக்கு மேல் நிறுத்தி, ஒரு கையால் பந்தைப் பிடித்து எறிய வேண்டும். எட்டு நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள் என்பது கணக்கு. பந்து நிற்கும்போதெல்லாம் கடிகாரமும் நிற்பதால் ஆட்டம் முடிய ஒரு மணி நேரம் ஆகிவிடும். நீருக்கு மேலே நடுவர் காண்பது பாதி, கீழே நடக்கும் இழுபறி மீதி. ஆட்டத்துக்கு முன் வீராங்கனைகளின் நகங்களைச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு என்பதிலிருந்தே அந்த இழுபறியின் தன்மை விளங்கும்.

ஆடவர் வாட்டர் போலோ 1900-ஆம் ஆண்டே ஒலிம்பிக்கில் இடம்பெற்றுவிட்டது. மகளிர் ஆட்டம் சேர்க்கப்பட்டது 2000-இல், சிட்னியில். சரியாக ஒரு நூற்றாண்டு இடைவெளி. ஆஸ்திரேலிய வீராங்கனைகள் விடாமல் போராடிப் பெற்ற இடம் அது. 1993-இல் பிறந்த மேகிக்கு அப்போது வயது ஏழு. அவருடைய தந்தை போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வந்தவர், தாமும் வாட்டர் போலோ ஆடியவர். அக்காள் ஜெசிகா 2008 பெய்ஜிங்கில் வெள்ளி வென்ற அணியில் இருந்தார். வீட்டிலேயே ஆசான்கள் இருந்த பேறு மேகிக்கு வாய்த்தது.

2012 லண்டனில் அக்காளும் தங்கையும் ஒரே அணியில் ஆடினார்கள். 19 வயது மேகி, தம் முதல் ஒலிம்பிக் ஆட்டத்தில் ஹங்கேரிக்கு எதிராக 7 கோல்கள் அடித்தார். அமெரிக்கா 14-13 என்று தப்பிப் பிழைத்தது. ஸ்பெயினுக்கு எதிரான இறுதிப் போட்டியில் அணி அடித்த 8 கோல்களில் 5 அவருடையவை. தொடர் முழுவதிலும் 21 கோல்கள். 2016 ரியோவில் இத்தாலியை 12-5 என்றும், ஓராண்டு தள்ளிப்போய் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்பெயினை 14-5 என்றும் வென்று மேலும் இரு தங்கங்கள். இத்தாலியின் தானியா தி மாரியோ அடித்திருந்த 47 ஒலிம்பிக் கோல்கள் என்ற சாதனையையும் அவர் டோக்கியோவில் கடந்தார். இடையில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படிப்பு, உலகச் சாம்பியன் பட்டங்கள் ஐந்து.

இனிக் கணக்குக்கு வருவோம். அமெரிக்க அரசு தன் ஒலிம்பிக் குழுவுக்கு நேரடி நிதி தருவதில்லை. நன்கொடை, விளம்பரம், ஒளிபரப்பு உரிமை ஆகியவற்றில் வரும் பணத்தைக் கொண்டே அக்குழு இயங்குகிறது. தங்கம் வெல்லும் ஒவ்வொருவருக்கும் அது 2012-லும் 2016-லும் 25,000 டாலர் வழங்கியது. டோக்கியோவுக்குள் அது 37,500 டாலராக உயர்ந்திருந்தது. மூன்றையும் கூட்டினால் 87,500 டாலர். 2012 முதல் 2024 வரை 12 ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 7,300 டாலரும் தேறாது. தெற்குக் கலிஃபோர்னியாவில் அது வீட்டு வாடகைக்கே போதாது. பரிசுத் தொகைக்குப் பெரும்பாலோருக்கு வருமான வரி விலக்கு அளிக்கும் சட்டம் வந்ததும் 2016-இல்தான். இதற்கு மேல் பயிற்சிக் காலத்தில் ஓர் உதவித்தொகை உண்டு. அது பிழைப்புக்குப் போதுமானதாக இருந்திருந்தால் அந்த வேண்டுகோளே பிறந்திராது. அந்நாட்டில் மகளிருக்கு முழுநேரத் தொழில்முறைக் கழகப் போட்டிகளும் இல்லை. ஆடிச் சம்பாதிக்க விரும்புவோர் ஸ்பெயினுக்கோ இத்தாலிக்கோ கிரேக்கத்துக்கோ கடல் கடந்து செல்ல வேண்டும்.

எனக்குப் பணத்தின் அளவைவிட அது வரும் காலம்தான் உறுத்துகிறது. உழவருக்குப் பயிர்க்கடன் எப்போது தருகிறோம்? விதைப்புக்கு முன். அறுவடை முடிந்து நெல் களத்தில் குவிந்தபின் ஒருவர் வந்து, நன்றாக விளைத்தீர், இந்தாரும் விதை வாங்கப் பணம் என்றால் ஊர் சிரிக்காதா? விளையாட்டில் உலகம் முழுவதும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். தங்கம் வென்றவருக்குக் காசோலை, மாலை, மேடை. வெல்வதற்கு முந்தைய பத்து ஆண்டுகளின் குளக்கட்டணமும் பயணமும் சத்துணவும் பெற்றோர் கணக்கில் எழுதப்படுகின்றன. 19 வயதில் ஒலிம்பிக் இறுதியில் 5 கோல் அடிக்கும் பெண், விதைக்கப்பட்டது எட்டு வயதிலோ பத்து வயதிலோ அல்லவா?

பத்துப் பேர் பார்க்காத ஆட்டத்துக்குப் பிறர் ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான், சந்தை என்பது பார்ப்பவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆனால் நாட்டின் பெயரைத் தொப்பியில் அணிவித்து அனுப்பும்போது மட்டும் அது நம் எல்லோருடைய அணி, செலவுக் கணக்கு வரும்போது அவர்கள் வீட்டு விவகாரம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த விஷயத்தில் நாம் பெரிதும் குறை கூறும் நம் நாட்டு ஏற்பாட்டுக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. இரயில்வேயும் காவல் துறையும் வங்கிகளும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தருகின்றன. மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, ஆடி முடித்தபின் அமர ஒரு நாற்காலி. ஸ்டெஃபன்ஸின் அணியினர் பலருக்கு இல்லாத பாதுகாப்பு இது. குறை என்னவென்றால், அந்த வேலையும் பெயர் கிடைத்த பின்னரே வருகிறது. 1951 தில்லி ஆசிய விளையாட்டில் நம் ஆடவர் அணி வாட்டர் போலோவில் தங்கம் வென்றது என்பதை இன்று எத்தனை பேர் அறிவர்? மகளிர் ஆட்டமோ ஆசிய விளையாட்டில் இடம்பெற்றதே 2010-இல்தான். பத்தாம் வகுப்பு வந்ததும் பெண்ணைக் குளத்திலிருந்து கரையேற்றும் வீடுகள் நம்மிடையே மிகுதி. அந்தப் பெற்றோரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் அந்த வயதில் கைகொடுக்கும் வருமானம் எதுவும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில்கூட, 18 வயது ஆன பின்போ பத்தாம் வகுப்பு முடித்த பின்போ உயர்கல்விக்காகப் பாதித் தொகை வரை எடுக்கலாம். பள்ளிப் பருவத்துப் பயிற்சிச் செலவுக்கு அதில் வழியில்லை. திட்டத்தின் நோக்கம் வேறு என்பதை அறிவேன். ஆயினும் மகள் நீந்தப் பழகும் வீட்டினர், அதற்கென ஒரு சிறு தொடர் வைப்பைத் தனியே தொடங்கி வைப்பது நலம். நிறுவனங்கள் தம் விளையாட்டு நிதியில் ஒரு பங்கைப் பதக்கம் பெற்றவர்களுக்கன்றி, பன்னிரண்டு வயதுக் குழந்தைகளின் குளக்கட்டணத்துக்கு ஒதுக்கினால் அதன் பயன் பன்மடங்காகும்.

பாரிஸில் நடந்ததைச் சொல்லாமல் விட்டேன். அமெரிக்க அணி அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் பெனால்டி எறிதலில் தோற்றது. வெண்கலத்துக்கான ஆட்டத்திலும், கடைசி நொடிகளில் விழுந்த கோலால் நெதர்லாந்திடம் 11-10 என்று தோற்று நான்காம் இடம் பெற்றது. நான்காம் இடத்துக்குப் பரிசுத் தொகை கிடையாது. ஃப்ளேவர் ஃப்ளாவின் ஒப்பந்தம் மட்டும் பதக்கப் பட்டியலைப் பார்த்துப் போடப்பட்டதன்று. அது போட்டிக்கு முன்பே, ஐந்து ஆண்டுகளுக்கு எழுதப்பட்டது.