தாத்தா எந்த வகுப்பு?

செம்பூரில் எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிள்ளைகள் ஓய்வுநாள் பாடசாலைக்குப் போவார்கள். பெரியவர்கள் வாசலில் நின்று ஊர்ச் செய்தி பேசுவோம். போன மாதம் பேரன் கேட்டான்: "தாத்தா, நீங்க எந்த வகுப்பு?"

என்னிடம் பதில் இல்லை. திடப்படுத்தல் வகுப்பு முடித்து ஐம்பது வருஷம் ஆகிறது. அதன்பிறகு வேதபாடம் என்று எதற்கும் நான் உட்கார்ந்ததில்லை.

மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் இருந்தபோது, தலை நரைத்த எங்களையும் மறுபயிற்சிக்கு அனுப்புவார்கள். யாரும் வெட்கப்பட்டதில்லை. (இஷ்டப்பட்டும் போனதில்லை, அது வேறு விஷயம்.)

1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளி, வாரமெல்லாம் உழைத்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க வந்தது. வேல்ஸில் பெரியவர்களும் சேர்ந்து படித்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர், பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் கற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி வந்தது.

நம் பிள்ளைகள் படிப்பது ஆங்கிலத்தில். பலருக்குத் தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டத்தான் வரும். தாராவி உறவினர்களும் இதையே சொல்கிறார்கள். நமக்கோ வாசிக்கத் தெரியும். பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாது. மாதம் ஒரு ஞாயிறு எல்லா வயதினரும் ஒரே பாயில் உட்கார்ந்தால் என்ன? ஒரு சங்கீதத்தை அவர்கள் தமிழில் வாசிக்கட்டும். கேள்வி எழுந்தால் சேர்ந்து தேடுவோம். ஆயர் ஐயா சரி என்றால் பாய் விரிக்க நான் வருகிறேன். முழங்கால் வலிக்காரர்களுக்கு நாற்காலி உண்டு.