மரவையா, அரக்குப் பெட்டியா?

செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளியேறிப் பழம்பொருள் கடைகளுக்கும், அங்கிருந்து பெருநகர வரவேற்பறைகளுக்கும் வந்து சேரும் பர்மியப் பெட்டிகளுக்கு இன்று ‘அரக்குப் பெட்டி’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கப்பட்ட பெட்டி வாஷியின் அடுக்ககத்தில் கண்ணாடி அலமாரிக்குள் அமரும்போதும் அப்பெயரே உடன் வருகிறது. பெயர் பிழையானது. பிழை சொல்லோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அது பொருளையும் சேர்த்தே அழிக்கிறது.

அரக்கு என்பது பூச்சி சுரக்கும் பிசின். சன்னபட்டணத்துப் பொம்மைகள் கடைசலில் சுழலும்போது உராய்வின் சூட்டில் இளகி ஒட்டுவது அதுதான். பர்மியப் பெட்டியின் மீதிருப்பதோ ‘தித்சி’ எனும் மரத்தின் பால். அரக்கு சூட்டில் இளகும், சாராயத்தில் கரையும். தித்சி அவ்வாறன்று, காற்றின் ஈரத்தில் இறுகி, இறுகியபின் எளிதில் கரையாதது. எனவேதான் பகான் கைவினைஞர்கள் ஒவ்வொரு பூச்சுக்குப் பின்னும் பெட்டியை ஈரமான நிலவறையில் நாட்கணக்கில் வைத்திருக்கின்றனர். (மும்பையின் ஆடி மாத ஈரம் இப்பெட்டிகளுக்கு உறவு, ஆண்டு முழுதும் இயங்கும் குளிர்சாதனத்தின் வறட்சியே பகை.)

அலங்காரமும் இந்த இயல்பைச் சார்ந்தே அமைகிறது. மூங்கிற் பிளாச்சுகளைப் பின்னிய கூட்டின் மீது சாம்பல் கலந்த பால் பூசி, தேய்த்து, மீண்டும் பூசி உருவாக்கிய கரிய பரப்பில் எழுத்தாணி போன்ற கருவியால் கோடுகள் கீறப்படுகின்றன. கீறலில் செந்நிறம் நிரப்பி, துடைத்து, பசையால் மூடிய பின்னரே பச்சைக்கான கீறல் தொடங்கும், அதன்பின் மஞ்சள். ஒவ்வொரு நிறத்துக்கும் கை புதிதாகக் கீற வேண்டும். தவறிய கோட்டை அழிக்க இயலாது. ஒரு சிறு வெற்றிலைப் பெட்டி முடியவே மாதங்கள் ஆகும்.

இத்தகைய பரப்பை ‘அரக்கு வேலை’ என்று நம்பும் தச்சர் என்ன செய்வார்? ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பளபளப்புக்காக மேலே பூசுவார். அது நுண்கீறல்களை நிரப்பிக் காலப்போக்கில் பழுப்பேறும். பின்னர் அதை நீக்க முயன்றால் கீறலுக்குள் இருக்கும் வண்ணமும் உடன் பெயரக்கூடும். ஒரு தவறான அட்டவணைச் சொல் தச்சுப்பட்டறை வரை செல்லும் வழி இதுவே.

செட்டிநாட்டுக்கென ஒரு சொல் இருக்கிறது: மரவை. மரப்பாத்திரத்துக்குரிய அச்சொல் மூங்கிற் பின்னலுக்குப் பொருந்துமா என்று ஒருவர் வினவலாம். வேர்ச்சொல்லைக் கொண்டு வழக்கை மறுப்பது மொழியியல் ஆகாது. சீர்வரிசையில் வைத்தவர்களும், பூவும் வெற்றிலையும் இட்டு வைத்தவர்களும் பயன்படுத்திய சொல் அது. பொருளின் தமிழ் வாழ்க்கை அதற்குள் இருக்கிறது. பர்மிய மொழியிலும் இதே கதைதான். இவ்வேலைப்பாட்டைக் குறிக்கும் ‘யுன்’ என்ற சொல்லே வடதாய்லாந்தின் யுன் மக்களையும் குறிக்கிறது. ஓர் அலங்கார வகைக்குச் சியாங்மாய் நகரின் பர்மியப் பெயரான ‘ஸின்மே’ வழங்குகிறது. பர்மியர் தாம் கடன் வாங்கியதைச் சொல்லிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ்த் தரப்பில் கடன் என்ற சொல்லுக்கு வேறொரு கனம் உண்டு. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மையான நெல் மாவட்டங்களில் நாட்டுக்கோட்டை நகரத்தாரிடம் 1930இல் இருந்த விளைநிலம் சுமார் 6 விழுக்காடு; 1937இல் அது 25 விழுக்காடு. நெல் விலை வீழ்ந்து, கடன் தீர்க்க முடியாத உழவர்களின் நிலம் கைமாறியதால் நேர்ந்த உயர்வு இது. பின்னர் 1942இல் ஜப்பானியப் படையெடுப்பும், 1960களில் நாட்டுடைமையாக்கமும் நகரத்தாரையே வெறுங்கையோடு திருப்பியனுப்பின. நிலம் போயிற்று, முன்னரே கப்பலேறி வந்த தேக்கும் மரவைகளும் மட்டும் ஊரில் எஞ்சின.

‘பர்மிய அரக்குப் பெட்டி, பழமையானது’ என்று எழுதும் விலைச்சீட்டில் இவற்றில் எதற்கும் இடமில்லை. அருங்காட்சியக அட்டவணைக்கு அந்தச் சலுகை கிடையாது. அதில் மரவை என்ற பெயரும், தித்சி என்ற மூலப்பொருளும், எந்த ஊரில் எந்த வீட்டுச் சீரில் இருந்து வந்தது என்ற குறிப்பும் இடம்பெற வேண்டும். கடைசிக் குறிப்பைச் சொல்லக்கூடிய ஆச்சிகள் எண்பதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள்.