பட்டியலில் ஒரு பெயர்

2023 ஆகஸ்ட் 30 அன்று மைசூரில் ஒரு பெரிய விழா நடந்தது. குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் கிருஹலட்சுமி திட்டத்தைக் கர்நாடக அரசு அங்கேதான் தொடங்கிவைத்தது. கேட்பதற்கு எளிமையான திட்டம். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி என்று யார் பெயர் இருக்கிறதோ, அவர் வங்கிக் கணக்கில் பணம் விழும். ஆனால் கணவனை இழந்த மாமியாரும் மருமகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீட்டில் தலைவி யார்? பல வீடுகளில் அதுவரை யாரும் வாய்விட்டுக் கேட்டிராத கேள்வி. கார்டில் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்பது, ஒரு கிழவிக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதையையே மாற்றிவிடக்கூடிய விஷயமாகிவிட்டது.

இது புதிய சங்கதி அல்ல. கிறிஸ்தவத் திருச்சபைக்குள் எழுந்த ஆரம்ப காலத் தகராறு ஒன்று இதைப் பற்றியதுதான். ஜெருசலேமில் விதவைகளுக்குத் தினமும் உணவு பங்கிடப்பட்டபோது, கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போனார்கள் என்ற புகார் அப்போஸ்தலர் நடபடிகள் நூலில் பதிவாகியிருக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்குக் கிடைத்தது, வேற்றுமொழிக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. அப்போஸ்தலர்கள் உபதேசம் செய்து சமாதானப்படுத்தவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுத்துப் பங்கீட்டுப் பொறுப்பை ஒப்படைக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். புகார் சொன்ன தரப்பின் கையிலேயே அகப்பை கொடுக்கப்பட்டது. பிறகு தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் பட்டியலுக்கு விதிகளே வந்துவிட்டன. விதவைக்கு 60 வயது ஆகியிருக்க வேண்டும். பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருந்தால் முதலில் அவர்கள்தான் கவனிக்க வேண்டும். நாதியற்றவர்களுக்கே சபை பொறுப்பு. இன்றைய தாலுகா அலுவலகத்தின் முதியோர் பென்ஷன் விதிகளைப் படிப்பவர்களுக்கு இது பழகிய பாஷையாகத் தோன்றும்.

மைசூரில் திருச்சபையின் தர்மம் பெரும்பாலும் கடல் கடந்து வந்தது. பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா, 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு சிதறிப்போயிருந்த கிறிஸ்தவர்களை ஒன்றுசேர்க்க இங்கே வந்தார். 1823ல் நாடு திரும்பும் வரை அவர் பிரசங்கத்தோடு நிற்கவில்லை. விவசாயக் குடியிருப்புகளை அமைத்தார். அம்மை குத்தும் பழக்கத்தைப் பரப்பினார். இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய நூலில் விதவைகளின் நிலை விரிவாகவே வருகிறது. அதில் ஐரோப்பியரின் கர்வம் நிறைய இருந்தாலும், உணவைவிட நிலமும் தொழிலும் நீடிக்கும் என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார்.

ஆங்கில வெஸ்லியன் மிஷன் 1906ல் மைசூரில் பெண்களுக்காக ஓர் ஆஸ்பத்திரியைத் திறந்தது. மேரி ஹோல்ட்ஸ்வொர்த் என்ற பெண்மணியின் நினைவாக எழுந்த அது, ஊர் ஜனங்களுக்கு மிஷன் ஆஸ்பத்திரி. 1947ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதன் பொறுப்பில் வந்தது. பணம் அனுப்பியவர்கள் போய்விட்டார்கள், ஆஸ்பத்திரி ஊருக்குச் சொந்தமாகிவிட்டது. வெளிநாட்டுத் தர்மம் எப்போது பயன்படும் என்பதற்கு இது ஓர் அளவுகோல்.

ஏழை முதியவர்களைக் கவனிப்பதையே விரதமாகக் கொண்ட துறவற சபையும் ஒரு விதவையிடமிருந்துதான் தொடங்கியது. 1839 குளிர்காலத்தில் பிரான்சின் கடலோரச் சிற்றூர் ஒன்றில் வீட்டுவேலை செய்து பிழைத்த ஜான் ஜூகான், கண் தெரியாத, பாதி உடல் செயலிழந்த ஒரு முதிய விதவையைத் தூக்கிவந்து தன் கட்டிலில் படுக்க வைத்தார். தான் வேறிடம் பார்த்துக்கொண்டார். அதிலிருந்து வளர்ந்த 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை 1882ல் கல்கத்தாவுக்கு வந்தது. பெங்களூர் ஓசூர் ரோட்டிலும் அவர்களுடைய முதியோர் இல்லம் உண்டு. நிலையான வருமானத்தை நம்பாமல், தினமும் கடைகளிலும் வீடுகளிலும் கேட்டு வாங்கி முதியவர்களுக்குப் போடுவது அவர்கள் மரபு. பிச்சை கேட்கும் அவமானத்தைக் கிழவிகளிடமிருந்து எடுத்துத் தங்கள் தலையில் போட்டுக்கொண்டார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 2009ல் ஜூகான் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தர்மத்தின் முறை மாறியது. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ உள்ள ஒரு குடும்பம், இந்தியாவிலுள்ள ஒரு குழந்தையையோ பாட்டியையோ 'தத்தெடுத்து' மாதம் ஒரு தொகை அனுப்பும் ஏற்பாடு பரவியது. மத அமைப்பு அல்லாத ஹெல்ப்ஏஜ் இந்தியாவும் பாட்டிகளுக்காக இப்படி ஒரு திட்டத்தை நடத்தியது. பாரிஸில் 1833ல் ஓசானாம் என்ற மாணவரும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, வெளிநாட்டுக் கிளை ஒன்றை இந்தியக் கிளை ஒன்றோடு இணைத்து உதவி அனுப்புகிறது. இதனால் அரிசியும் மருந்தும் கிடைத்தவர்கள் ஏராளம். அதைக் கேலி செய்ய வயிறு நிறைந்தவர்களுக்கு உரிமை இல்லை.

ஆனாலும் இந்த முறையில் ஒரு சங்கடம் உண்டு. கொடுப்பவருக்கு ஒரு முகம் வேண்டும். எனவே பாட்டி புகைப்படத்துக்கு உட்கார வேண்டும். பரிதாபமாக இருக்கும் முகத்துக்குப் பணம் வருகிறது. கொடுப்பவர் இறந்தாலோ, வேலை இழந்தாலோ, மனம் மாறினாலோ பணம் நின்றுவிடுகிறது. ஏன் நின்றது என்று கேட்கப் பாட்டிக்கு முகவரியும் இல்லை, உரிமையும் இல்லை. கருணைக்கு எதிராக மேல்முறையீடு கிடையாது.

பிறகு சட்டமும் இறுகியது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் முதலில் 1976ல், நெருக்கடி நிலையின்போது வந்தது. 2010ல் அது புதிதாக இயற்றப்பட்டது. 2020 திருத்தம் மூன்று விஷயங்களை மாற்றியது. எல்லா வெளிநாட்டு நன்கொடையும் டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றின் வழியாகத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவின் உச்ச வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. பணம் பெற்ற அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றுவது தடை செய்யப்பட்டது. இந்தக் கடைசி விதிதான் சிறிய இல்லங்களைப் பாதிக்கிறது. பெரிய அமைப்பு ஒன்று வாங்கி, கிராமத்து மடங்களுக்குப் பிரித்துத் தந்த வழி அடைபட்டுவிட்டது. 2021 டிசம்பரில் அன்னை தெரசாவின் சபைக்கே பதிவுப் புதுப்பிப்பு மறுக்கப்பட்டு, அடுத்த மாதம் திரும்பக் கிடைத்தது. கணக்கு கேட்பது அரசின் கடமை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கணக்குச் சரியாகும் வரை கிழவியின் பசி காத்திருக்காது.

அப்படியென்றால் வழி? மைசூரின் வரலாறே ஒரு பதில் வைத்திருக்கிறது. 1894 டிசம்பரில் பத்தாம் சாமராஜ உடையார் கல்கத்தாவில் திடீரென்று இறந்தபோது மகனுக்கு வயது பத்து. கணவனை இழந்த மகாராணி கெம்பநஞ்சம்மணி ராஜப் பிரதிநிதியாக 1902 வரை நாட்டை நிர்வகித்தார். அந்த விதவையிடம் வளர்ந்த நாலாம் கிருஷ்ணராஜ உடையார் 1933ல் புனித பிலோமினா பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். 175 அடி உயர இரட்டைக் கோபுரங்களுடன் இன்று சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கும் ஆலயம் அதுதான். அதே 1933ல் அவருடைய ஆட்சியில் இன்னொன்றும் நடந்தது. இந்துப் பெண்களின் உரிமைச் சட்டம் மைசூர் சமஸ்தானத்தில் நிறைவேறி, விதவைக்குச் சொத்தில் இடம் தந்தது. பிரிட்டிஷ் இந்தியா இதே திசையில் அடியெடுத்து வைத்தது 1937ல்தான். கோபுரத்தை ஊரே அறியும். சட்டத்தை அறிந்தவர்கள் குறைவு.

கிறிஸ்தவ விதவைக்கும் சட்டம் உண்டு. 1925ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கணவனின் சொத்தில், பிள்ளைகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறிஸ்தவப் பெண்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தும் என்பதை நிலைநாட்ட மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்தது 1986ல். ஞாயிறுதோறும் விதவைகளுக்காக ஜெபிக்கும் சபைகளில் இந்த மூன்றில் ஒரு பங்கைப் பற்றி ஒரு ஞாயிறாவது பேசலாம். வீட்டை மகன் பெயருக்கு எழுதித் தந்துவிட்டு, அதே வீட்டின் திண்ணையில் படுத்திருக்கும் தாய்க்கு 2007ம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டம் கைகொடுக்கிறது. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிடலாம். கவனித்துக்கொள்வதாக ஏற்றுச் சொத்தை வாங்கியவர் கைவிட்டால், எழுதிக்கொடுத்ததையே ரத்து செய்யலாம். தாயால் முடியாவிட்டால் அவருடைய ஒப்புதலுடன் வேறொருவரோ ஒரு தன்னார்வ அமைப்போ மனு கொடுக்கலாம் என்றும் அந்தச் சட்டமே சொல்கிறது. திருச்சபைக்கு இதைவிடத் தெளிவான அழைப்பு தேவையில்லை.

அரசுப் பணம் அதிகம் என்று யாரும் சொல்ல முடியாது. மத்திய அரசின் விதவை பென்ஷன் 2009ல் 200 ரூபாயாகத் தொடங்கி, 2012ல் 300 ரூபாயானது; பத்தாண்டு கடந்த பின்னும் அங்கேயே நின்றது. கர்நாடகம் 2021ல் விதவை பென்ஷனை 800 ரூபாயாகவும், 65 வயது கடந்தவர்களுக்கான சந்தியா சுரக்ஷாவை 1,200 ரூபாயாகவும் உயர்த்தியது. தமிழகம் 2023ல் 1,200 ரூபாய்க்கு வந்தது. தொகை சிறியதுதான். ஆனால் வெளிநாட்டுக் கொடையாளியின் மனத்தை நம்பி இது வருவதில்லை. புகைப்படத்தில் பரிதாபமாகத் தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை.

பட்டியலில் ஏறுவதுதான் பாடு. எப்போதோ இறந்த கணவனுக்கு மரணச் சான்றிதழ் வேண்டும். ஆதாரில் எந்த வயது பதிவானதோ அதுவே வயது. வங்கிக் கணக்கோடு ஆதார் இணைய வேண்டும். மைசூரின் புகழ்பெற்ற ஊதுவத்தியையும் பீடியையும் காலமெல்லாம் உருட்டிய விரல்களில் ரேகை தேய்ந்திருந்தால், இயந்திரம் அவரை அவர் இல்லை என்று சொல்லிவிடும். விண்ணப்பம் கொடுக்கும் இடத்துக்குக் கன்னடத்தில் நாட கச்சேரி என்று பெயர். அங்கே படிவம், பேச்சு எல்லாம் கன்னடம். பட்டாளத்தோடும் பிழைப்பு தேடியும் வந்து மைசூரில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களில், வீட்டுக்குள்ளேயே வாழ்க்கையைக் கழித்த மூதாட்டிக்குக் கன்னடம் பேச வரலாம், படிக்க வராது. ஜெருசலேமில் கிரேக்க விதவைகள் நின்ற அதே வரிசையில்தான் இவரும் நிற்கிறார்.

நாட்டில் கணவனை இழந்த பெண்கள் 4 கோடிக்கும் மேல் என்றது 2011 மக்கள்தொகைக் கணக்கு. இத்தனை பேரையும் எந்தச் சபையும், எந்த நாட்டு நன்கொடையும் தாங்க முடியாது. 1994ல் பெங்களூரில் மார்த்தா சென் ஏற்பாடு செய்த மாநாட்டில் ஆய்வாளர்களோடு பல மாநிலத்து விதவைகளும் உட்கார்ந்து பேசினார்கள். அவர்கள் பேச்சில் அடிபட்ட விஷயங்கள் நிலம், வீடு, வேலை, பென்ஷன். பரிதாபத்தை அவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு பார்த்திருந்தார்கள்.

விதவை என்ற சொல்லில் பொட்டு இல்லை, கைம்பெண் என்று எழுதினால் இரண்டு பொட்டு கிடைக்கும் என்று தமிழகத்தில் ஒரு பேச்சு உண்டு. அழகான பேச்சு. ஆனால் அவருக்கு இப்போது அவசரமாகத் தேவைப்படுவது படிவத்தில் ஒரு முத்திரை. பங்குக் கோயில்களில் கன்னடமும் தமிழும் தெரிந்த, கணினி பழகிய இளைஞர்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு பங்கிலும் ஏழு பேர் கிடைத்தால் போதும். மாதம் ஒரு வேலைநாளில் மூதாட்டிகளை ஆட்டோவில் கச்சேரிக்கு அழைத்துப்போய், படிவம் நிரப்பி, ரேகை விழாவிட்டால் கண் விழியைப் பதிவு செய்யச் சொல்லி வாதாடி, ஒப்புகைச் சீட்டு வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு வரலாம். ஆட்டோ கட்டணத்துக்கு உள்ளூர்க் காணிக்கையே போதும்.