வருமான வரி நோட்டீஸ் வந்தா பி.எஃப் பணத்தை எடுத்துக் கட்டலாமா? கணக்கு சொல்வது இதுதான்!

மகாராஜபுரத்தில் இருந்து ராஜபாளையம் ஸ்பின்னிங் மில்லுக்கு வேலைக்குப் போகும் ஒரு சூப்பர்வைசரை உதாரணத்துக்கு எடுத்துக்குவோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த வீட்டு மனையை விற்றார். அந்தப் பணம் மகள் கல்யாணத்தோடு முடிஞ்சுபோச்சு. லாபத்துக்கு வரி கட்டவில்லை. இப்போது 1 லட்சம் ரூபாய் கேட்டு நோட்டீஸ். கையில் இருப்பது பி.எஃப் மட்டும்தான்.

எடுக்க முடியுமா?

பி.எஃப் முன்பணத்துக்கான பழைய காரணப் பட்டியலில் மருத்துவம், கல்யாணம், படிப்பு, வீடு எல்லாம் உண்டு. வரி பாக்கி இல்லை. 2025 அக்டோபர் 13-ம் தேதி கூடிய பி.எஃப் அறங்காவலர் குழு, 13 விதிகளை 3 பிரிவுகளாகச் சுருக்க முடிவெடுத்தது. அதில் 'சிறப்புச் சூழ்நிலை' பிரிவில் காரணமே சொல்ல வேண்டாம். ஆனால் 25 சதவீதம் கணக்கிலேயே இருக்கணும்.

எது லாபம்?

நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள் கட்டாவிட்டால் மாதம் 1 சதவீதம் வட்டி. அதாவது வருஷத்துக்கு 12 சதவீதம். பி.எஃப் தருவது 8.25 சதவீதம் (2024-25). அப்போ எடுத்துக் கட்டுவதுதானே லாபம்?

இங்கேதான் சிக்கல். எடுத்த பணத்தை மொத்தமாகத் திருப்பிப் போட முடியாது. சம்பளத்தில் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லும் வி.பி.எஃப் ஒன்றே வழி. அதைச் செய்யாவிட்டால்? இதே வட்டி நீடித்தால் அந்த 1 லட்சம், 15 வருஷத்தில் சுமார் 3.28 லட்சம் ஆகியிருக்கும்.

வேற வழி?

முதலில் கேட்ட தொகை சரிதானா என்று பாருங்க. தப்பு என்றால் வருமான வரி இணையதளத்திலேயே மறுக்கலாம். சரி என்றால், அந்த 30 நாளுக்குள் அதிகாரியிடம் தவணை கேட்டு விண்ணப்பிக்கலாம். 12 மாதத் தவணை கிடைத்தால் மொத்த வட்டி சுமார் 6,500 ரூபாய்தான்.

இன்னொரு விஷயம்: 5 வருஷ சர்வீஸ் முடியும் முன் கணக்கை முடித்து எடுத்தால், அந்தப் பணத்துக்கும் வரி வரலாம்.

ஆக, தவணை கிடைக்காதவர்களுக்கு பி.எஃப் கைகொடுக்கும். ஆனால் எடுத்த அடுத்த மாதமே வி.பி.எஃப் பிடித்தம் தொடங்கணும். வரி பாக்கிக்கு நோட்டீஸ் வரும். ஓய்வுக்கால பாக்கிக்கு யாரும் நோட்டீஸ் அனுப்ப மாட்டாங்க!