ரதியின் அழுகை மட்டும் இலக்கியம் இல்லையா?

1956இல் டோக்கியோவில் ‘சுமிதகாவா’ என்ற நோ நாடகத்தைப் பார்த்தார் பெஞ்சமின் பிரிட்டன். பிள்ளையைத் தொலைத்த தாயின் புலம்பல் அது. கவிஞர் வில்லியம் பிளோமர் எழுதித்தர, 1964இல் அதை ‘கர்லியூ ரிவர்’ என்ற இசைநாடகமாக்கினார்.

அதே 1964இல்தான் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். அதன்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்து, கூடலூரிலும் கோத்தகிரியிலும் டான்டீ தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களின் மரபு காமன் கூத்து. எரிந்துபோன மதனுக்காக ரதி புலம்பும் கூத்து. கதை, பாட்டு, ஆட்டம், வேஷம் எல்லாம் அதிலும் உண்டு.

ஆனால் நம்ம இலக்கியவாதிகளுக்கு பிரிட்டன் ‘செவ்வியல்’, ரதி வெறும் ‘நாட்டார் கலை’. ஏன் சார், ரெண்டும் ஒப்பாரிதானே? அந்நிய மேடையின் அழுகையில் இலக்கியத்தைக் கண்டுகொண்டார் பிரிட்டன். நமக்கோ சொந்த லயத்து அழுகையே காதில் விழவில்லை. முதலில் கூத்துப் பாட்டை இலக்கியமாக வாசிப்போம். ஆபராவை அப்புறம் பேசலாம்.