பேட்டரிக்கும் ஒரு ஜாதகம் வேண்டும்

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போனால் நாம் என்னென்ன கேட்போம்? ஆர்.சி. புக் எங்கே, இன்சூரன்ஸ் இருக்கிறதா, எத்தனை கை மாறியது, என்ஜின் பிரித்து வேலை பார்த்ததா என்று ஆயிரம் கேள்வி கேட்போம். கிக்கரை உதைத்துச் சத்தம் கேட்டு, புகையின் நிறம் பார்த்துத்தான் விலையே பேசுவோம். அதே ஆட்கள் பழைய எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கப் போனால் டயரை அமுக்கிப் பார்க்கிறார்கள், பெயிண்டைத் தடவிப் பார்க்கிறார்கள், பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். வண்டியின் உயிர் பேட்டரியில் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்தவன் என்பதால் இது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்துகிறது. எக்ஸ்சேஞ்சில் பேட்டரி ரூம் என்று தனியாக ஒன்று உண்டு. இரண்டு வோல்ட் செல்கள் 24, வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. ஹைட்ரோமீட்டர் விட்டு அமிலத்தின் அடர்த்தி பார்த்து, வோல்ட் பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். ஏழாம் நம்பர் செல் இறங்கி வருகிறது என்றால் மாசக்கணக்கில் முன்னாலேயே ரிஜிஸ்டர் சொல்லிவிடும். புதிதாக மாற்றலாகி வருகிறவர் அந்த நோட்டைப் புரட்டினாலே போதும், பேட்டரியின் பூர்வோத்தரம் முழுக்கத் தெரிந்துவிடும்.

எங்கள் தெருவில் ஒரு பையன், ஜங்ஷனில் கடை வேலைக்குப் போகிறவன். மலையேறுகிற மாதிரி தடி டயரும் கியரும் வைத்த எலெக்ட்ரிக் சைக்கிள் ஒன்றை வெளியூரிலிருந்து பழையதாக வாங்கி வந்தான். பேட்டையிலிருந்து டவுன் வரைக்கும் ஜோராகப் போகும். மேம்பாலம் ஏறும்போது பொட்டென்று அணைந்துவிடும். இறங்கி நின்று, ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் டிஸ்ப்ளேயில் மூன்று கட்டை காட்டும். ஒரு கடையில் "கண்ட்ரோலர் போச்சு" என்றார்கள். இன்னொரு கடையில் "பேட்டரி அவ்வளவுதான் தம்பி, புதுசு போட்டுரு" என்றார்கள். இரண்டு இடத்திலும் மீட்டரை யாரும் எடுக்கவில்லை. அவன் அப்பா என்னிடம் வந்து, "அண்ணாச்சி, நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லுங்க" என்றார்.

இந்த மாதிரிக் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது. சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும்.

முதலில் சார்ஜர். 36 வோல்ட் பேட்டரி என்றால் அதன் சார்ஜர் சுமார் 42 வோல்ட் தர வேண்டும். சார்ஜரே குறைவாகக் கொடுத்தால் பேட்டரி எப்படி நிறையும்? இரண்டாவது, பேட்டரி வண்டியில் போய் உட்காரும் இடத்துப் பித்தளைக் காதுகள். கறுத்திருந்தாலோ தளர்ந்திருந்தாலோ பள்ளத்தில் குலுங்கும்போது கரண்ட் அறுந்து போகும். மூன்றாவது, பிரேக் லீவரில் இருக்கும் சின்ன ஸ்விட்ச். பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்துவது அதுதான். அது சிக்கிக்கொண்டால் நாம் பிரேக் பிடிக்காமலேயே மோட்டார் நின்றுவிடும். இந்த மூன்றும் சில்லறைச் செலவோடு தீர்ந்துவிடும்.

நான்காவதுதான் பெரிய சோதனை. முழுக்க சார்ஜ் போட்டு, சும்மா நிற்கும்போது ஒரு தடவையும் ஏற்றத்தில் இழுக்கும்போது ஒரு தடவையும் வோல்ட் பார்க்க வேண்டும். இப்போது பல வண்டிகளின் டிஸ்ப்ளேயிலேயே வோல்ட் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். இந்தப் பையன் வண்டியில் நிற்கும்போது 41.6 இருந்தது. ஏற்றத்தில் மளமளவென்று 32-க்கு இறங்கி அணைந்தது. கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தால் மறுபடி 38-க்கு ஏறி நின்றது. கண்ட்ரோலர் மேல் பழி போட இதில் இடமே இல்லை. பேட்டரிக்குள் ஏதோ ஒரு செல் வரிசை நொந்து போயிருக்கிறது.

36 வோல்ட் பேட்டரிக்குள் பத்து செல் தொகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். பத்துப் பேர் சப்பரம் தூக்குகிற மாதிரி. ஒன்பது பேர் திடமாக இருந்தும் ஒருவருக்கு முட்டி மடங்கினால் சப்பரத்தை இறக்கித்தானே ஆக வேண்டும்? சமதளத்தில் அவரும் சமாளித்துவிடுவார், மேடு வந்தால்தான் தெரியும். பேட்டரிக்குள் பி.எம்.எஸ். என்று ஒரு காவல் அட்டை இருக்கிறது. எந்தத் தொகுதி அளவுக்குக் கீழே போனாலும் மொத்தத்தையும் அது நிறுத்திவிடும். டிஸ்ப்ளேயில் தெரியும் கட்டைகள் பெரும்பாலும் வோல்ட்டை மட்டும் பார்த்துக் காட்டுபவை. ஓய்வில் வோல்ட் ஏறினால் கட்டையும் ஏறிவிடும். அதை நம்பி விலை பேசுகிறவன் ஏமாறத்தான் செய்வான்.

சில இடங்களில் "பி.எம்.எஸ்.ஸை டைரக்ட் பண்ணிட்டா ஓடும்" என்று சொல்லுகிறார்கள். ஃபியூஸ் போகிறது என்று கம்பியைச் சுற்றுகிற அதே புத்திதான் இது. லித்தியம் பேட்டரியில் அந்த விளையாட்டு ஆகவே ஆகாது. மூடியைக் கழற்றி வீட்டில் சால்டரிங் வைப்பதும் வேண்டாம்.

பையனிடம் கேட்டேன், "பேட்டரி எத்தனை வருஷத்துது, எத்தனை தடவை சார்ஜ் ஏறிருக்கும்?" "வித்தவருக்கே தெரியாது மாமா, அவரும் பழசாத்தான் வாங்குனாராம்" என்றான். புதுப் பேட்டரி விலை கேட்டால், அவன் வண்டிக்குக் கொடுத்த பணத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. மாதச் சம்பளம் வாங்குகிற பையனுக்கு இது சின்ன அடி இல்லை.

என் கட்சி இதுதான்: பேட்டரியை விற்கிற ஒவ்வொருவரும் அதன் ஜாதகத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். என்றைக்குச் செய்தது, எத்தனை முறை சார்ஜ் ஏறியது, இப்போது எவ்வளவு தாங்கும், இடையில் யாராவது திறந்தார்களா என்ற நாலு விவரம் போதும். பல பேட்டரிகளில் பி.எம்.எஸ். இதில் பாதியைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. வாங்குகிறவன் கண்ணுக்குத்தான் அது எட்டுவதில்லை.

நம் சட்டப்படி, மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் அது மோட்டார் வாகனமே இல்லை. பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். நம்மைப் போன்ற வயசாளிகளுக்கு இது நல்ல சலுகைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆர்.சி. புக்கே இல்லாத வண்டிக்கு வயசு கேட்க எங்கே போவது? ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி முதல் எலெக்ட்ரிக் சைக்கிள் பேட்டரிக்குக்கூட டிஜிட்டல் பாஸ்போர்ட் வேண்டும் என்று 2023-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஒரு குறியை ஸ்கேன் செய்தால் விவரம் வந்துவிடும். பெட்டிக்கடையில் கியூ.ஆர். கோடு காட்டி வெற்றிலை பாக்கு வாங்குகிற நமக்கு இது பெரிய வித்தையா?

"எலெக்ட்ரிக் வண்டியே ஆகாது, விட்டுத் தொலையும் வே" என்கிற நண்பர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. முட்டி வலியோடு காய்கறி வாங்கப் போகிறவருக்கு அது எவ்வளவு உதவி என்பது ஓட்டியவருக்குத் தெரியும். ஆனால் ஆபத்தைப் பற்றி அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தகப்பனாரும் மகளும் இறந்து போனார்கள். அதே வருஷக் கடைசியிலிருந்து மின் வாகன பேட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. அதற்கு முன்னால் செய்த பேட்டரிகள்தான் இப்போது கை மாறிக் கை மாறிப் பழைய சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஜாதகம் கேட்பதில் பணம் மட்டுமல்ல, உயிரும் இருக்கிறது.

சட்டம் வருகிறபோது வரட்டும். அதுவரை உள்ளூரில் ஒரு காரியம் செய்யலாம். நம் பேட்டையிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. சொல்லிக் கொடுக்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள், படிக்கப் பையன்கள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒருநாள், சின்னக் கட்டணம் வாங்கிக்கொண்டு, பழைய பேட்டரியை முழுக்க ஏற்றி, அளந்து இறக்கி, இவ்வளவு தாங்குகிறது என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் என்ன? பையன்களுக்குத் தொழில் படிந்த மாதிரியும் ஆச்சு, வாங்குகிறவனுக்குத் தைரியம் வந்த மாதிரியும் ஆச்சு.

ஏற்கெனவே வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கத்திரி வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள், ஆறட்டும். நிறைந்த பேட்டரியை வெயிலில் போட்டு வைப்பது அதன் ஆயுசைத் தின்றுவிடும். மாசக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் நிழலில் வையுங்கள். சார்ஜைப் பகலில், கண் முன்னால் போடுங்கள். படுக்கும் அறையில் வேண்டாம், வெளியேறும் நடையை மறித்தும் வேண்டாம். செத்த பேட்டரியைப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள், கால்வாயிலும் எறியாதீர்கள். 2022-இல் வந்த விதிப்படி, பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது உற்பத்தியாளர் பொறுப்பு.

வண்டி வாங்கின தேதியை ஒரு நாற்பது பக்க நோட்டில் இன்றைக்கே எழுதி வையுங்கள். மாசம் ஒருமுறை முழு சார்ஜில் எத்தனை வோல்ட், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று ஒரு வரி சேருங்கள். நாளைக்கு விற்கும்போது அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். வாங்குகிறவனும் நம்மூர்ப் பிள்ளையாகத்தான் இருப்பான்.