பர்மா கோயிலும் சிதம்பரம் வாசலும்



சென்ற மாதம் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பெரியவர் தமது பர்மா யாத்திரையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அந்நாட்டில் 2021இல் பட்டாளத்தார் அதிகாரத்தைப் பிடுங்கிக் கொள்வதற்கு முன்னமே, 2019இல் போய் வந்தவராம். பகானில் திரும்பிய பக்கமெல்லாம் கோயில், மாண்டலேயில் தங்கத்தால் மூடிய மகாமுனி புத்தர், அங்கேயும் ஒரு விஷ்ணு கோயில், அதற்கொரு தமிழ்க் கல்வெட்டு என்று சொல்லிச் சொல்லி உருகினார். கூட்டத்தாரும் கன்னத்தில் போட்டுக் கொண்டார்கள்.

கல்வெட்டு உண்மைதான். மலை மண்டலத்து மகோதயர்பட்டினத்து வியாபாரி ஒருவர் பகானில் நானாதேசி விண்ணகரத்துக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்த சங்கதி 13ஆம் நூற்றாண்டு எழுத்தில் இருக்கிறது. போன இடத்துக்கெல்லாம் சாமியையும் மூட்டை கட்டிக் கொண்டு போயிருக்கிறார்கள். நமக்குப் பெருமை கடல் தாண்டியதிலா, விளக்கேற்றியதிலா என்பதைப் பெரியவர் சொல்லவில்லை.

பகானில் மூன்று நூற்றாண்டுக்குள் பதினாயிரத்துக்கு மேல் கட்டினார்களாம். இன்று நிற்பவை 2,000த்துக்குச் சற்று அதிகம். ராஜாவும் பணக்காரரும் புண்ணியத்துக்காக வரியில்லாமல் எழுதி வைத்தது சாகுபடி நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை போயிற்றென்று சரித்திரக்காரர் கணக்கிட்டிருக்கிறார்கள். கஜானா வற்றிற்று. 1287இல் மங்கோலியர் படை வந்த சமயத்தில் ராஜ்யமே கவிழ்ந்தது. அத்தனை கோயிலிலிருந்தும் ஒரு சாமியாவது இறங்கி வந்து ஈட்டி பிடித்ததா? 1975லும் 2016லும் பூமி அதிர்ந்தபோது கோயில்களே இடிந்தன; எடுத்துக் கட்டியவர்கள் கொத்தனாரும் இஞ்சினீரும்தான். (சாமியைப் பற்றிய பேச்சே வேண்டாமென்றிருந்த புத்தருக்கே இந்தக் கதி!)

பெரியவர் வாய் திறக்காத விஷயம் இன்னொன்றுண்டு. பகோடாவுக்கு அடிமைகளாக மனிதர்களையே எழுதி வைத்தார்கள். அவர்கள் பிள்ளையும் பேரனும் அடிமை. ஊரார் அவர்களோடு உண்ணவும் மாட்டார்கள், சம்பந்தம் செய்யவும் மாட்டார்கள். வருணாசிரமம் இல்லாத தேசத்திலும் கோயில் ஒரு தீண்டாச் சாதியை உண்டாக்கி விட்டது!

நிற்க. பிரசங்கத்தின் முடிவில் பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் போன காலத்தில் மகாமுனி புத்தருக்கு ஆண்கள்தான் மேலே ஏறிக் கையால் தங்கத் தகடு ஒட்டலாமென்றிருந்தது. பெண்கள் கீழே உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிருந்தது. இவரோடு போன அம்மையாரையும் அப்படியே உட்கார வைத்து விட்டார்கள். "காசு கொடுத்துத் தகடு வாங்கியவள் அவள், ஒட்டுவது நானா? என்ன அநியாயம்!" என்று மேஜையைத் தட்டினார். நியாயமான கோபம். நாமும் கைதட்டினோம்.

கைதட்டிவிட்டு எழுந்து ஒன்று கேட்டேன். "அய்யா, சிதம்பரத்தில் நந்தன் உள்ளே போக நெருப்பில் குளிக்க வேண்டியிருந்ததென்று உங்கள் பெரிய புராணமே சொல்லுகிறது. கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் மிதந்து நம் ஊரிலேயே கரையேறினாரென்று நீங்கள் கொண்டாடுகிற அப்பருடைய தமிழைச் சிற்றம்பல மேடையில் நின்று பாட 2008இல் சர்க்கார் உத்தரவும் போலீசு பந்தோபஸ்தும் வேண்டியிருந்தன. 2014இல் சுப்ரீம் கோர்ட்டு கோயில் நிர்வாகத்தைத் தீட்சிதர்கள் பக்கமே தீர்த்தது. கனகசபையில் ஏறிக் கும்பிட 2022இல் மறுபடியும் ஓர் உத்தரவு. இவைகளுக்கு எந்த மேஜையைத் தட்டினீர்கள்?"

"தம்பி, அது சம்பிரதாயம். இது வேறு" என்றார்.

எது வேறு? மாண்டலேயில் தம் வீட்டு அம்மாளைத் தடுத்தால் அநியாயம், சிதம்பரத்தில் ஊரான் வீட்டுப் பிள்ளையைத் தடுத்தால் சம்பிரதாயம்! பர்மாவுக்குக் கப்பலேறி இந்த வித்தியாசத்தைத்தானா கற்று வந்தார்? அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கன்னத்தில் போட்டுக் கொண்டவர்களில் நந்தன் வகுப்புத் தோழர்களும் இருந்தார்கள். அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

கடலூரிலிருந்து சிதம்பரம் ரயிலில் ஒரு மணி நேரப் பிரயாணம். பெரியவரும் அம்மையாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரட்டும், டிக்கெட்டு என் செலவு. மேஜை தட்டிய அதே கையோடு வரட்டும்.